போர்ட்லண்டில் சைவமும் கிராஃப்ட் பீரும் சேர்ந்த அக்கம்பக்கத்து உணவகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரிகன் மாநிலத்துக்கு வேலைக்கு வந்து ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் குடியேறும் நம் ஆட்கள், வாரக்கடைசியில் வெளியே எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் நான் போர்ட்லண்டின் ஹாத்தோர்ன், டிவிஷன், ஆல்பர்ட்டா, மிசிசிப்பி தெருக்களைக் கை காட்டுவேன். அங்கெல்லாம் மெனுவில் முக்கால்வாசி சைவமாகவும் சுவரில் வரிசையாக பீர் குழாய்களுமாக இருக்கும் சின்னச் சின்ன உணவகங்கள் உண்டு. கை காட்டிய உடனே சந்தேகங்கள் வரும், அதுவும் எல்லோரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பீர் கடைன்னா பார்தானே? குடும்பத்தோட போகலாமா?

தாராளமாகப் போகலாம். இது உணவகம், கூடவே பீரும் உண்டு, அவ்வளவுதான். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், ஒரு மேஜையில் பாட்டி தாத்தாவோடு ஒரு குடும்பம், பக்கத்தில் கலர் பென்சிலோடு குழந்தைகள், வெளித் திண்ணையில் நாயைக் கட்டிவிட்டு சூப் குடிக்கும் ஒருவர் என்றுதான் இருக்கும். நம் ஊர் டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு தயங்குகிறவர்கள் ஒருமுறை மதிய வேளையில் போய் வந்தால் தயக்கம் போய்விடும்.

இந்த வகை இடங்கள் இங்கே பெருகியதற்கு ஒரு சட்டம் காரணம். 1985 வரை ஒரிகனில் பீர் காய்ச்சுகிறவர் அதே இடத்தில் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்க முடியாது. அந்த வருடம் சட்டம் மாறியது, மக்மெனமின் சகோதரர்கள் போர்ட்லண்டின் ஹில்ஸ்டேல் பகுதியில் சாப்பாட்டோடு சேர்த்துக் காய்ச்சி விற்கும் கடையைத் திறந்தார்கள். அன்றிலிருந்தே இந்த ஊரில் பீரும் சாப்பாட்டு மேஜையும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாநில மதுத்துறை கொடுக்கும் அறிவிப்பு வாசலில் ஒட்டியிருக்கும். சில இடங்களில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியே இல்லை, சில இடங்களில் இரவு குறிப்பிட்ட நேரம்வரை மட்டும், சில இடங்களில் ஒரு பகுதிக்குள் மட்டும் கூடாது. குழந்தைகளோடு போவதென்றால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் என்ன பண்ணணும்? யாராவது வந்து உட்கார வைப்பாங்களா?

இரண்டு விதம் உண்டு. வாசலிலேயே "காத்திருங்கள்" என்று பலகை இருந்தால் சர்வர் வந்து மேஜை காட்டுவார். பலகை இல்லாமல் கவுண்ட்டரில் வரிசை தெரிந்தால் அங்கேயே ஆர்டர் சொல்லி, பணம் கட்டி, ஒரு எண் தாங்கிய கம்பியை வாங்கிக்கொண்டு பிடித்த இடத்தில் உட்கார வேண்டும். தண்ணீரும் நாமே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். எது என்று புரியவில்லையென்றால் முதலில் கண்ணில் படுகிற ஊழியரைக் கேளுங்கள்.

நான் குடிக்க மாட்டேன். ஒண்ணும் வாங்காம உட்கார்ந்தா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?

யாரும் பார்க்க மாட்டார்கள். சாப்பிட மட்டும் வருகிறவர்கள் நிறையப் பேர். இஞ்சி பீர், ரூட் பீர் என்று மெனுவில் இருப்பவை பெரும்பாலும் பெயரில்தான் பீர், உள்ளே சாராயம் கிடையாது, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். கொம்புச்சா என்பது புளிக்க வைத்த தேநீர், அதில் பொதுவாக 0.5 சதவீதத்துக்குக் கீழே ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதிலும் அதே அளவு இருக்கலாம். துளிகூடக் கூடாது என்பவர்கள் இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டு எலுமிச்சை சோடா சொல்லிக்கொள்ளலாம்.

"பெரும்பாலும் சைவம்"னு போட்டிருக்கே, மிச்சம் என்ன?

வழக்கமாக ஒரு மீன் சமாச்சாரம், ஒரு கோழி சமாச்சாரம், சனி ஞாயிறு காலை மெனுவில் பேக்கன், அதாவது உப்பிட்ட பன்றி இறைச்சி. சில இடங்களில் எல்லாத் தட்டும் சைவமாகவே இருக்கும், வேண்டுகிறவர் மேலே கோழி சேர்த்துக்கொள்ளலாம். முழுச் சைவக் கடை வேறு, இது வேறு என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

மெனுவில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் "வி" என்று போட்டிருப்பதை நம்பி உடனே ஆர்டர் செய்யாதீர்கள். ஒரு கடையில் அது பால், முட்டை சேர்ந்த சைவத்தைக் குறிக்கும், அடுத்த கடையில் பால்கூட இல்லாத வீகன் உணவைக் குறிக்கும். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் விளக்கம் இருக்கும், அதைப் படியுங்கள். இங்கே முட்டை சைவக் கணக்கில்தான் வரும், அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

முட்டை சாப்பிட மாட்டோம். அப்போ எதைச் சொல்றது?

வீகன் என்று குறித்திருப்பதைச் சொல்லுங்கள், அதில் முட்டை இருக்காது. பால் சேரலாம் என்பவர்கள் அதன் மேல் சீஸ் சேர்க்கச் சொல்லலாம், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சைவத் தட்டிலிருந்து முட்டையைக் கழிக்கச் சொல்வதைவிட வீகன் தட்டில் சீஸைக் கூட்டச் சொல்வது சுலபம், ஏனென்றால் முட்டை பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கிறது. பர்கரின் பளபளக்கும் பிரியோஷ் பன்னில் முட்டை உண்டு, மயோனைஸிலும் அதில் பூண்டு சேர்த்த அயோலியிலும் உண்டு, காய்கறிக் கட்லெட்டை உடையாமல் பிடித்து வைப்பதும் பல சமயம் முட்டைதான், வெங்காய வளையத்தின் மாவிலும் இருக்கலாம்.

வெஜ் பர்கர் கேட்டேன், கடிச்சா அப்படியே கறி மாதிரி இருக்கு. மாத்திக் கொடுத்துட்டாங்களா?

மாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு வகை வெஜ் பர்கர் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று இம்பாசிபிள், பியாண்ட் போன்ற கம்பெனிகளுடையது, கறி தின்று பழகியவர்களை மனதில் வைத்தே செய்தது. இம்பாசிபிளில் சேர்க்கும், ஹீம் கொண்ட புரதம் சோயாச் செடியின் வேரில் இருப்பது, அதை ஈஸ்ட் மூலம் தயாரிக்கிறார்கள். அந்தச் சிவப்பும் ரத்த வாசனையும் அதிலிருந்துதான் வருகின்றன. சைவம்தான், ஆனால் பிறவிச் சைவர்கள் பலருக்கு வயிற்றைப் புரட்டும், என் வீட்டிலும் அதை யாரும் தொடுவதில்லை.

இன்னொன்று கறுப்பு பீன்ஸ், பீட்ரூட், காளான், ஓட்ஸ் வைத்துக் கடையிலேயே தட்டுவது. இது இந்த ஊர்ச் சரக்கு என்றே சொல்லலாம். பக்கத்து ஊரான கிரெஷமில் பால் வென்னர் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் தன் சைவ உணவகத்தில் மிஞ்சிய காய்கறி, சாதம், ஓட்ஸை வைத்துச் செய்ததுதான் பின்னால் நாடு முழுக்க விற்ற கார்டன்பர்கர். ஆர்டர் சொல்லும்போதே "கடையில் செய்த பீன்ஸ் பர்கரா, இம்பாசிபிளா" என்று கேட்டுவிடுங்கள்.

பர்கரே வேண்டாம் என்றால் டெம்பே ரூபன் என்ற சாண்ட்விச் இருக்கிறதா என்று பாருங்கள். டெம்பே என்பது ஜாவாவில் பிறந்தது, சோயாவை முழுசாகப் புளிக்க வைத்துக் கட்டியாக்குவது. அதை மெலிதாக அறுத்து ஓரம் மொறுமொறுவென்று வரும்வரை வறுத்து, கம்பு போலக் கருத்த ரை ரொட்டியில் புளித்த முட்டைக்கோஸ், உருகிய ஸ்விஸ் சீஸோடு வைத்துத் தருவார்கள். புளிப்பும் உப்பும் கருகல் வாசனையுமாக, நம் நாக்குக்கு முதல் கடியிலேயே பிடித்துப்போகும். மேலே ஊற்றும் சாஸில் முட்டை இருக்கலாம், அதற்கு மேலே சொன்னதுதான்.

மறைஞ்சிருக்கிற அசைவம்னு எதெல்லாம் கவனிக்கணும்?

முதல் இடம் வூஸ்டர் சாஸுக்கு. கறுப்பாக, புளிப்பாக இருக்கும், அதில் நெத்திலி உண்டு. சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கிலும் நெத்திலிதான். கிம்ச்சி என்ற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயில் மீன் சாஸோ உப்புக்கண்டமாக்கிய இறாலோ சேர்ப்பது வழக்கம். தாய் பாணித் தட்டுகளிலும் மீன் சாஸ் வரும். சைவம் மிகுந்த கடைகள் பலவற்றில் இவற்றுக்கெல்லாம் மீன் இல்லாத மாற்றையே வாங்கி வைத்திருப்பார்கள், ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது.

சூப்பில் காய்தான் தெரியும், தண்ணீர் கோழி எலும்பை வேக வைத்ததாக இருக்கலாம். பிரெஞ்சு வெங்காய சூப் என்றால் பாரம்பரியமாக மாட்டெலும்பு வடிநீர். அரிசியையும் பீன்ஸையும்கூடச் சில அடுக்களைகளில் அந்த வடிநீரிலோ பன்றிக் கொழுப்பிலோ வேக வைப்பார்கள்.

சீஸ் பற்றி நம்மவர்கள் பலர் யோசிப்பதே இல்லை. பாலைத் திரிக்க உதவும் ரென்னெட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பதாகவும் இருக்கலாம், நுண்ணுயிரி மூலம் செய்ததாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் தயாராகும் சீஸில் இரண்டாவது வகை அதிகம். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜியானோவுக்கு மட்டும் விதியே கன்றின் ரென்னெட்தான், அதில் மாற்று கிடையாது. இதில் எவ்வளவு தூரம் பார்ப்பது என்பது அவரவர் வீட்டு வழக்கம்.

ஃப்ரைஸ் மட்டும் சொன்னா பிரச்சினை இல்லையே?

ஃப்ரைஸில்தான் பெரிய பிரச்சினையே. மெனுவில் ஒரே ஒரு மீன் வறுவல் இருந்தாலும் அதைப் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் காலிஃபிளவரும் விழலாம். "மீனுக்குத் தனிப் பொரிசட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். தனியாக இருந்தால் பெருமையாகவே சொல்வார்கள். இல்லையென்றால் சுட்டது, வாட்டியது, பச்சையாக உள்ளது என்று மாறிக்கொள்ளலாம். காலை உணவுக்கும் இதே கேள்வி உண்டு, பேக்கன் வாட்டிய கல்லிலேயே பான்கேக்கும் வேகலாம்.

இப்படித் துருவித் துருவிக் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?

மாட்டார்கள், நம்பிக் கேளுங்கள். கடலை ஒவ்வாமை, பால் ஒவ்வாமை, வீகன், யூதர், முஸ்லிம் என்று தினமும் பத்துப் பேர் இதே கேள்வியைக் கேட்டு, பதில் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். பெரும்பாலான கடைகளில் சர்வருக்குத் தெரியாவிட்டால் சமையற்கட்டுக்குப் போய்க் கேட்டு வந்து சொல்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு வெறும் ஃப்ரைஸைத் தின்றுவிட்டு வருகிற நம் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை. நல்ல சமையலை விட்டுவிட்டு வருகிறார்கள், அதுவும் சைவக்காரர்களுக்காகவே யோசித்துச் சமைத்த இடத்தில்.

கேட்கும் விதம் மட்டும் முக்கியம். "இது சைவமா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும், அவர் கணக்கில் முட்டை இடிக்காது, சாஸில் மீன் இருப்பது நினைவுக்கு வராமலும் போகலாம். அதனால் பொருளைச் சொல்லிக் கேளுங்கள்: சூப்பில் கோழி வடிநீரா, சாஸில் நெத்திலி உண்டா, பன்னில் முட்டையா. ஆர்டருக்கு முன்னால், ஒரே மூச்சில், கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டால் இன்னும் நன்றாக விசாரித்துச் சொல்வார்கள். ஒவ்வாமை இல்லாமலே ஒவ்வாமை என்று பொய் சொல்லாதீர்கள், அவர்கள் பாத்திரம், பலகை எல்லாவற்றையும் மாற்றிச் சிரமப்படுவார்கள்.

உப்பு சப்பில்லாம இருக்கும்னு சொல்றாங்களே?

முழுக்க உண்மையில்லை. பஃபலோ காலிஃபிளவர் நல்ல காரம், மிளகாய் சாஸும் வெண்ணெயும் சேர்ந்தது. மேஜையில் சாஸ் பாட்டில் இருக்கும், போர்ட்லண்டிலேயே தயாராகும் சீக்ரெட் ஆர்ட்வார்க் கிடைத்தால் விடாதீர்கள், ஹாபனேரோ மிளகாயின் காரம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏறும். ஆனால் எல்லாவற்றிலும் காரத்தை எதிர்பார்க்க வேண்டாம். கருக வாட்டிய களைக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்), ஆட்டுப்பால் சீஸோடு பீட்ரூட் சாலட் இதெல்லாம் காயின் ருசியை நம்பிச் செய்தவை, சாஸ் ஊற்றினால் கெட்டுப்போகும்.

பீர் பலகையைப் பார்த்தா ஒண்ணுமே புரியலை. எதைக் கேட்கிறது?

இரண்டு எண்களைப் பாருங்கள். சதவீதக் குறியோடு இருப்பது ஆல்கஹால் அளவு. ஐபியு என்று போட்டிருப்பது கசப்பின் அளவு. நம் ஊர் லாகர் குடித்துப் பழகியவர்கள் பில்ஸ்னரில் தொடங்கலாம். கோதுமை பீர் கலங்கலாக, கசப்பு குறைவாக இருக்கும், போர்ட்லண்டில் பீர் காய்ச்சும் விட்மர் சகோதரர்கள் 1986-ல் வடிகட்டாமல் ஊற்றிய ஹெஃபவைசன் இந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஐபிஏ என்றால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) தூக்கல், பழ வாசனை, கசப்பு. ஸ்டவுட் என்றால் காப்பிக்கொட்டை வறுத்த மணம்.

எதையும் முழுக் கிளாஸ் வாங்கும் முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், சின்னக் குவளையில் சும்மாவே தருவார்கள். ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கைந்தைப் பார்க்க ஆசையென்றால் "ஃப்ளைட்" என்று கேளுங்கள், சின்னக் கிளாஸ்களை ஒரு பலகையில் அடுக்கித் தருவார்கள். இலேசானதிலிருந்து கருப்புக்குப் போவது நல்லது, ஐபிஏ குடித்த நாக்குக்குப் பில்ஸ்னர் தண்ணீராகத் தெரியும்.

செப்டம்பரில் வந்தால் "ஃப்ரெஷ் ஹாப்" பீரைக் கட்டாயம் கேளுங்கள். ஒரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கிலும் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவிலும் ஹாப்ஸ் அறுவடையாகும் சமயம் அது. வழக்கமாகக் காய வைத்துத்தான் சேர்ப்பார்கள், இதற்கு மட்டும் கொடியிலிருந்து பறித்ததை வாடும் முன் கொப்பரையில் போடுவார்கள். பச்சைப் புல்லும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி மணக்கும். சில வாரங்கள்தான் கிடைக்கும். அந்த மாத நடுவில் புரட்டாசி பிறந்துவிடும் என்பதால் அசைவக்காரர்களில் பலர் அப்போது சைவமாக இருப்பார்கள், இந்த உணவகங்கள் அவர்களுக்கும் தோது. பீர் கூடுமா என்பதை மட்டும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பீர் சைவம்தானே? வெறும் பார்லிதானே?

பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர், அவ்வளவுதான் அடிப்படை. ஆனால் கலங்கலைத் தெளிய வைக்கச் சில இடங்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸைச் சேர்ப்பார்கள், பிரிட்டிஷ் பாணி காஸ்க் பீரில் இது பழைய வழக்கம். கின்னஸ்கூட அதை விடப்போவதாக அறிவித்தது 2015-ல்தான். இங்கத்திய சிறு பீர் ஆலைகள் பெரும்பாலும் கலங்கலை அப்படியே விட்டுவிடுகின்றன, அல்லது வேறு வழியில் தெளிய வைக்கின்றன.

பெயரையும் கவனியுங்கள். மில்க் ஸ்டவுட்டில் பால் சர்க்கரை உண்டு, சில கலங்கல் ஐபிஏக்களிலும் உண்டு, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஜாக்கிரதை. ஆய்ஸ்டர் ஸ்டவுட் என்று போட்டிருந்தால் அது அலங்காரப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், நிஜமாகவே சிப்பி போட்டுக் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள்.

க்ளூட்டன் ஒத்துக்காதவங்க என்ன பண்றது?

சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) உள்ளவர்கள் சாதாரண பீரைத் தொடவே கூடாது. விட்மர் 2012-ல் கொண்டுவந்த ஒமிஷன் மாதிரியானவை பார்லியில் செய்து, நொதி சேர்த்து க்ளூட்டனைக் குறைத்தவை. தொடக்கத்திலிருந்தே பார்லி, கோதுமை சேராதவை வேறு. சீலியாக் உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு, ஆப்பிள் சைடரும் பெரும்பாலும் சரிவரும். சாப்பாட்டில் பொரிசட்டிக் கேள்வியை இவர்களும் கேட்க வேண்டும், மாவில் தோய்த்ததும் அதே எண்ணெயில்தான் விழும்.

எனக்கு நாற்பத்தஞ்சு வயசு, என்கிட்டயும் அடையாள அட்டை கேட்கிறாங்க, ஏன்?

21 வயது நிறையாதவருக்கு ஊற்றினால் அந்தச் சர்வருக்கே அபராதம் விழும், அதனால் யாரைக் கேட்பது என்று அவர்கள் யோசிப்பதில்லை. ஒரிகன் ஓட்டுநர் உரிமம் போதும். ஊரிலிருந்து வந்தவர்கள் அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டு போக வேண்டும், ஆதாரோ போனில் இருக்கும் படமோ செல்லாது. 21 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிக்காத இடம் தவிர மற்ற இடங்களில், குடிக்கப் போவதில்லை என்றால் சாப்பாட்டுக்கு அட்டை தேவையில்லை.

டிப்ஸ் எவ்வளவு வைக்கணும்?

மேஜைக்கு வந்து பரிமாறினால் 18 முதல் 20 சதவீதம். ஒரிகனில் விற்பனை வரி கிடையாது, அதனால் மெனுவில் இருக்கும் விலையே பில்லில் இருக்கும், கணக்குச் சுலபம். கவுண்ட்டரில் வாங்கும்போது திரையைத் திருப்பிக் காட்டுவார்கள், அங்கே 10 சதவீதமோ ஒரு கிளாஸுக்கு ஒரு டாலரோ வைத்தால் போதும் என்பது என் கணக்கு. சில கடைகள் சேவைக் கட்டணம் என்று பில்லிலேயே சேர்த்துவிடும். அந்தக் கட்டணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே வையுங்கள்.

ரெண்டே ரெண்டு கிளாஸ்தான். வண்டி ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். ஒரிகனில் ரத்த ஆல்கஹால் எல்லை 0.08 சதவீதம், ஆனால் அதற்குக் கீழே இருந்தாலும் நிதானமில்லை என்று போலீஸுக்குத் தெரிந்தால் கைது செய்யலாம். இங்கே ஒரு பைன்ட் 16 அவுன்ஸ், அதாவது 473 மில்லி. 5 சதவீத பீர் 12 அவுன்ஸ்தான் ஒரு அளவு என்று கணக்கு. 8 சதவீத ஐபிஏ இரண்டு பைன்ட் குடித்தால் அது நான்கு அளவைத் தாண்டிவிடுகிறது, "ரெண்டே ரெண்டு" அல்ல.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, விசாவை ரத்து செய்ய முடியும். ஹில்ஸ்பரோவிலிருந்து பீவர்ட்டன் வழியாக நகர மையத்துக்கு மேக்ஸ் ரயிலின் நீலப் பாதை இருக்கிறது, அங்கிருந்து பஸ் உண்டு. குடிக்காத ஒருவர் கூட வந்தால் அவருடைய சாப்பாட்டுச் செலவை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பா வந்திருக்காங்க, வெங்காயம் பூண்டு கூடாது. கூட்டிட்டுப் போறது வீணா?

கொஞ்சம் கஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை. சாஸ், கட்லெட், சூப் எல்லாவற்றிலும் பூண்டு முன்கூட்டியே சேர்ந்திருக்கும், எடுக்க முடியாது. வாட்டிய சீஸ் ரொட்டி, அவகாடோ டோஸ்ட், எலுமிச்சையும் எண்ணெயும் மட்டும் ஊற்றிய சாலட், தனி எண்ணெய் இருந்தால் ஃப்ரைஸ், இவ்வளவுதான் தேறும். முழுச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டு, சாயங்காலம் பை (pie, மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு) ஒரு துண்டும் ஐஸ்கிரீமும் சாப்பிட அழைத்துப் போங்கள். பை மாவில் பன்றிக் கொழுப்பா வெண்ணெயா என்று கேட்க மறக்காதீர்கள்.

எல்லாம் சொல்லியும் பேக்கன் தூவி வந்துட்டுது. எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடறதா?

வேண்டாம். கை வைக்காமல் சர்வரைக் கூப்பிட்டு, "நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை, புதிதாகச் செய்து தர முடியுமா" என்று சொல்லுங்கள். "புதிதாக" என்பதை அழுத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவசரத்தில் அதையே பொறுக்கி எடுத்துவிட்டுக் கொண்டு வரலாம். சத்தம் போடத் தேவையில்லை, காசும் கேட்க மாட்டார்கள். பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது என்றாலும் சொல்லுங்கள், அடுத்த மேஜைக்கு அதே தவறு போகாமல் இருக்கும்.

மிஞ்சினா கட்டித் தருவாங்களா? பீரையுமா?

சாப்பாட்டுக்கு டப்பா கேளுங்கள், கொண்டு வந்து கொடுப்பார்கள், நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கிளாஸில் மிஞ்சிய பீரை எடுத்துப்போக முடியாது. குழாயிலிருந்து புதிதாகப் பிடித்து வாங்கலாம், 64 அவுன்ஸ் கண்ணாடிக் குடுவைக்கு க்ரௌலர் (growler) என்று பெயர், அங்கேயே மூடி அடைக்கும் 32 அவுன்ஸ் தகர டப்பாவுக்குக் கிட்டத்தட்ட அதே ஒலியில் க்ரௌலர் (crowler). காரில் கொண்டு போகும்போது டிக்கியில் வையுங்கள், உட்காரும் இடத்தில் திறந்த மதுக் கலம் இருந்தால் குற்றம். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியில் வைத்து, திறந்தால் ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள், அதற்குமேல் நுரை போய்விடும்.